விழுந்தது டைல்ஸாலா, குவார்ட்டராலா?

முட்டி முதல் முதுகு வரை: வாசகர் கேள்விகளுக்கு பிசியோதெரபிஸ்ட் பதில்

போன மாதம் இடுப்பு எலும்பு முறிவைப் பற்றி எழுதும்போது, "விழுந்த அன்று குடித்திருந்தாரா என்று எந்த வீட்டுக்குப் போனாலும் கேட்டுவிடுவேன்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இந்த மாதம் தபால் எல்லாம். பெயர் போட வேண்டாம் என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். யார் பெயரும் போடவில்லை, ஏரியா மட்டும்.

கேள்வி: எங்கள் நைனாவுக்கு 71 வயது. துறைமுகத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். நாற்பது வருஷமாக ராத்திரி ஒரு குவார்ட்டர், அதற்கு மேல் ஒரு சொட்டு தொடமாட்டார். சண்டை சச்சரவு கிடையாது. ஆனால் இந்த வருஷம் மூன்று தடவை விழுந்துவிட்டார், மூன்றும் பாத்ரூம் பக்கம். "சரக்கு மேல பழி போடாதே, நீ ஆசைப்பட்டுப் போட்ட டைல்ஸ்தான் வழுக்குது" என்கிறார். யார் சொல்வது சரி? (மகள், ராயபுரம்)

பதில்: டைல்ஸ் வழுக்குவது உண்மைதான் தங்கச்சி. பளபளப்பான டைல்ஸை பாத்ரூமில் ஒட்டுகிற மேஸ்திரிகளைப் பிடித்து ஒருநாள் அதில் ஈரக்காலோடு நடக்க விட வேண்டும். ஆனால் அதே தரையில்தான் நீங்களும் நடக்கிறீர்கள், உங்கள் பிள்ளைகளும் ஓடுகிறார்கள்.

அளவு மாறவில்லை என்று நைனா சொல்வதை நான் அப்படியே நம்புகிறேன். மாறியது அவர் உடம்பு. வயது ஏற ஏறச் சதை கரைகிறது, அதோடு உடம்பில் இருக்கிற தண்ணீரும் குறைகிறது. சரக்கு கலப்பது அந்தத் தண்ணீரில்தான். 31 வயதில் குடித்த அதே 180 மில்லி, 71 வயதில் ரத்தத்தில் அதிக அளவு காட்டும். போதாததற்கு மூளையும் முன்பைவிடச் சீக்கிரம் தடுமாறும். நைனாவுக்குப் போதை ஏறின மாதிரி தெரியாது. பேச்சு சுத்தமாக இருக்கும், டிவி சீரியலில் யார் யாருக்கு மருமகள் என்று சரியாகச் சொல்வார். கால் மட்டும் தடுமாறும்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். பாட்டிலில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். 180 மில்லியில் சுத்தமான ஆல்கஹால் 77 மில்லி. எடையில் ஏறக்குறைய 60 கிராம். ஈரல் ஒரு மணி நேரத்துக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் கரைக்கும். ஒன்பது மணிக்குக் குடித்துவிட்டுப் படுத்தவருக்கு ராத்திரி இரண்டு மணிக்கும் பாக்கி இருக்கும். சரக்கு சிறுநீரையும் அதிகமாக்கும், அந்த வயதில் பிராஸ்டேட் வீக்கமும் இருக்கும். அதனால் அவர் எழுந்திருப்பதே அந்த இரண்டு மணிக்குத்தான். படுத்தவர் சட்டென்று எழுந்தால் பிரஷர் இறங்கும். சரக்கு அதை இன்னும் இறக்கும், பிரஷர் மாத்திரையும் பிராஸ்டேட் மாத்திரையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். லைட்டும் போடமாட்டார், உங்கள் தூக்கம் கெடும் என்று. லுங்கி அவிழ்ந்து காலில் மாட்டும். நம் வீடுகளில் அடிபம்பு இருப்பதே பாத்ரூம் வாசலில், அதைச் சுற்றி எப்போதும் ஈரம். மூன்று தடவையும் அங்கேதான் விழுந்தார் என்று நீங்கள் எழுதியிருப்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

இன்னொன்றைக் கவனியுங்கள். நைனா நடக்கும்போது செருப்பு கழன்று பின்னால் நின்றுவிட, அது தெரியாமலே நாலு அடி வெறுங்காலில் போகிறாரா? இரண்டு காலையும் அகட்டி வைத்து நடக்கிறாரா? கண்ணை மூடிக்கொண்டு முகம் கழுவும்போது ஆடுகிறாரா? பல வருஷக் குடியில் கால் நரம்புகள் மரத்துப்போகும், நடையைச் சமாளிக்கிற சிறுமூளையும் சுருங்கும். சர்க்கரை இருந்தால் நரம்புக்கு இரட்டை அடி. அப்படி இருந்தால் அவர் குடிக்காத நேரத்திலும் விழுவார். நரம்பு டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும்.

இதைப் படித்துவிட்டு இன்றைக்கே பாட்டிலைச் சாக்கடையில் ஊற்றிவிடாதீர்கள். தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் மேற்பார்வையில், மாத்திரை கொடுத்துத்தான் நிறுத்த வேண்டும். ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே போவதில் வெட்கம் ஒன்றுமில்லை. நேரில் போகத் தயக்கம் என்றால் 14416 என்ற டெலிமனஸ் மனநல உதவி எண்ணுக்குப் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள். அதுவரைக்கும் படுக்கைப் பக்கத்தில் ஒரு யூரின் கேன் வையுங்கள். பாத்ரூம் வழியில் ராத்திரி முழுக்க எரிகிற சின்ன பல்பு ஒன்று. சுவரில் ஸ்டீல் கைப்பிடி. துணி காயப்போடுகிற கம்பி ஆளைத் தாங்காது. எழுந்ததும் கட்டில் ஓரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு நிற்கச் சொல்லுங்கள். தரையில் பாய் போட்டுப் படுப்பவர் என்றால் ஒரு கட்டில் வாங்கிப் போடுங்கள். பாயிலிருந்து எழுந்திருப்பது 71 வயதில் ஒரு பெரிய வேலை.

கேள்வி: தாத்தா சனிக்கிழமை ராத்திரி எங்கள் ஹவுசிங் போர்டு மாடிப்படியில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. திங்கட்கிழமை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. செவ்வாய்க்கிழமை ராத்திரி கை கால் நடுங்கி, சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கத்தி, டிரிப்ஸைப் பிடுங்கிப் போட்டுவிட்டார். கட்டிப் போட்டுவிட்டார்கள். மயக்க மருந்தால் மூளை குழம்பிவிட்டதா? குடிப்பழக்கத்தைப் பற்றிக் கேட்டபோது சித்தப்பா, "எப்பவாவது சார்" என்று சொல்லியிருந்தார். உண்மையில் தினமும். (பேரன், வியாசர்பாடி)

பதில்: தம்பி, நீங்கள் கடைசியாக எழுதிய அந்த இரண்டு வரியை முதலிலேயே டாக்டரிடம் சொல்லியிருந்தால் கட்டிப் போடுகிற நிலைமை அநேகமாக வந்திருக்காது.

தினமும் குடிக்கிறவருக்குச் சரக்கு நின்றுபோனால் ஆறேழு மணி நேரத்திலேயே நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கு மேல், பெரும்பாலும் மூன்றாம் நாள் வாக்கில், இல்லாத பூச்சியும் ஆளும் தெரியும்; எங்கே இருக்கிறோம் என்பதே தெரியாது. சனிக்கிழமை ராத்திரியிலிருந்து செவ்வாய் ராத்திரி வரை எண்ணிப் பாருங்கள். தாத்தா ஆஸ்பத்திரிக்கு வந்தது இடுப்பு முறிந்து. ஆனால் அவர் குடி நின்ற நாளும் அதேதான். இதை யாரும் யோசிப்பதில்லை. வயதானவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு குழப்பம் வர மயக்க மருந்து, வலி, கிருமி, உப்புச் சத்துக் குறைவு என்று வேறு காரணங்களும் உண்டு, அதனால் டாக்டர்கள் ரத்தம் எடுத்து எல்லாவற்றையும் பார்ப்பார்கள். ஆனால் தினமும் குடித்தவர் என்று தெரிந்தால் முதல் நாளே அதற்கான மருந்தும் பி1 வைட்டமின் ஊசியும் போட்டுவிடுவார்கள். பி1 போடாமல் விட்டால் ஞாபகசக்தியே நிரந்தரமாகப் போய்விடக்கூடும்.

சித்தப்பா மேல் கோபப்படாதீர்கள். "எப்பவாவது சார்" என்பது நம் வீடுகளில் எல்லோரும் சொல்கிற பதில். ஏ.ஆர். காப்பியில் (ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவில்) குடிபோதை என்று எழுதிவிடுவார்கள், இன்சூரன்ஸ் போய்விடும், நர்ஸம்மா முகத்தைச் சுளிப்பார்கள் என்று மூன்று பயம். மூன்றும் பொய்ப் பயம் என்று சொல்லமாட்டேன். முகத்தைச் சுளிப்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். அப்படியானால் கூட்டத்துக்கு நடுவில் சொல்லாதீர்கள். மயக்க டாக்டர் தனியாக வந்து பேசுவார் இல்லையா, அவரிடம் சொல்லுங்கள். என்ன சரக்கு, எவ்வளவு, கடைசியாக எத்தனை மணிக்கு: இந்த மூன்றும் போதும்.

இன்றைக்குத் தாத்தா தெளிவாக இருந்தால் சீக்கிரம் நிற்க வையுங்கள். இடுப்பு ஆபரேஷன் ஆனவர் படுத்தே கிடந்தால் சளி கட்டும், புண் வரும். வாக்கர் உயரம் சரியாக இருக்கிறதா என்று வார்டு பிசியோவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், உங்கள் ஹவுசிங் போர்டு மாடிப்படியில் பல்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். மாட்டினால் மறுநாள் காணாமல் போய்விடும், தெரியும். கம்பி வலை போட்டு மாட்டுங்கள்.

கேள்வி: என் மாமியாருக்கு 66 வயது. காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து விற்கிறார். விடியற்காலையில் போய்விட்டு வந்து உடம்பு வலி தாங்காமல் சாயங்காலம் கொஞ்சம் பிராந்தி, கூடவே மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய ஒரு வலி மாத்திரை. போன வாரம் அடுப்படியில் வழுக்கி, கையை ஊன்றியதில் மணிக்கட்டு வீங்கிவிட்டது. வீட்டுக்காரர் புத்தூர் கட்டு போடலாம் என்கிறார். பொம்பளை குடிக்கிறதை டாக்டரிடம் எப்படிச் சொல்வது? (மருமகள், காசிமேடு)

பதில்: குடிக்கிற ஆண்களைப் பற்றி எழுத நூறு பேர் இருக்கிறார்கள். உங்கள் கடிதத்தைப் போல எனக்கு அதிகம் வருவதில்லை, ஆனால் வீடுகளுக்குப் போகும்போது பார்க்கிறேன். தலைமாட்டில் தைலம் பாட்டிலுக்குப் பின்னால் இன்னொரு பாட்டில் இருக்கும். நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளமாட்டேன்.

முதலில் கை. கட்டுக்கு முன்னால் எக்ஸ்ரே, அதில் விட்டுக்கொடுக்காதீர்கள். கையை ஊன்றி விழும் பெண்களுக்கு மணிக்கட்டு எலும்பு முறிவது சாதாரணம். எலும்பு விலகியிருக்கிறதா என்று வெளியே தடவிப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. இறுக்கிக் கட்டி, விரல் நீலம் பாரித்து, மரத்துப்போய் வந்தவர்களும் உண்டு. விரல் வீங்கி நிறம் மாறினால் எந்தக் கட்டாக இருந்தாலும் உடனே தளர்த்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே எலும்பு முறிந்திருந்தால் அந்த எலும்பு ஏற்கெனவே பலம் குறைந்தது என்று அர்த்தம். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பு வேகமாகத் தேயும், தினசரிக் குடி அதை இன்னும் தேய்க்கும். எலும்பு அடர்த்தி டெஸ்ட் எடுத்துவிடுங்கள். இன்றைக்கு மணிக்கட்டோடு போயிற்று, அடுத்தது இடுப்பாக இருக்கக்கூடாது. முள்ளோடு சாப்பிடுகிற நெத்திலி அவர் கூடையிலேயே இருக்கும், சுண்ணாம்புச் சத்துக்கு அது நல்லது. கருவாடாக வேண்டாம், பிரஷர் ஏறும்.

அந்த மாத்திரைதான் எனக்குப் பெரிய கவலை. சில வலி மாத்திரைகள் பிராந்தியோடு சேர்ந்து வயிற்றுக்குள் புண்ணாக்கி ரத்தம் கசிய வைக்கும். பாரசிட்டமால்தானே என்று நினைத்தாலும், தினமும் குடிக்கிறவருக்கு அதிலும் ஈரல் கெடலாம். மலம் தார் போலக் கறுப்பாகப் போனால் அன்றே டாக்டரிடம் போங்கள். டாக்டரிடம் சொல்வதைப் பற்றிக் கேட்டீர்கள். மாமியாரை வெளியே உட்கார வைத்துவிட்டு நீங்கள் போட்டுக் கொடுக்கிற மாதிரி வேண்டாம். அப்புறம் ஜென்மத்துக்கும் உங்களிடம் பேசமாட்டார். "டாக்டர், அம்மாவுக்கு உடம்பு வலி அதிகம், சாயங்காலம் பிராந்தியும் மாத்திரையும் எடுத்துக்கிறாங்க, அது ஒத்துக்குமா?" என்று அவரை வைத்துக்கொண்டே கேளுங்கள். தப்பு செய்தவரைப் பிடித்துக்கொடுத்த மாதிரி இருக்காது. கூடையைத் தலையில் தூக்குகிற வேலை குறைந்து, தோளுக்கும் முதுகுக்கும் ஒழுங்காகச் சிகிச்சை கிடைத்தால் பிராந்திக்கு அவசியமும் குறையும். அந்த வலி நிஜம். அதை யாராவது கேட்டிருக்கிறோமா?

கேள்வி: அறுபதைத் தாண்டிய அப்பா குடித்துவிட்டு விழுந்து பின்மண்டையில் அடி. உடனே எழுந்து உட்கார்ந்து நன்றாகத்தான் பேசினார். ஸ்கேன் தேவையா? (கொருக்குப்பேட்டை)

பதில்: தேவை. அறுபதைத் தாண்டியவர், குடிக்கிறவர், தலையில் அடி: மூன்றும் சேர்ந்தால் அன்றைக்கே காட்டிவிட வேண்டும். இதயத்துக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். வயதாலும் குடியாலும் மூளை கொஞ்சம் சுருங்கியிருக்கும். மூளைக்கும் மண்டையோட்டுக்கும் நடுவே போகிற சின்ன ரத்தக்குழாய்கள் இழுபட்டு நிற்கும், லேசான அடிக்கே அறுந்துவிடும். அதில் ரத்தம் சொட்டுச் சொட்டாகக் கசிந்து இரண்டு மூன்று வாரம் கழித்துக்கூடத் தெரியவரும். அதனால் முதல் ஸ்கேன் நன்றாக இருந்தாலும் அடுத்த ஒன்றரை மாதத்துக்கு ஒரு கண் வையுங்கள். புதிதாகத் தலைவலி, பகலிலேயே தூக்கம், ஒரு பக்கக் கால் இழுப்பு, பேச்சில் குழறல் எது வந்தாலும் மறுபடி போங்கள். "நேத்து ராத்திரி ஜாஸ்தியாயிடுச்சு போல" என்று விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: நான் ஆட்டோ ஓட்டுகிறேன். டாஸ்மாக் வாசலில் பெரியவர்கள் விழுந்து கிடப்பதை அடிக்கடி பார்க்கிறேன். குடித்துவிட்டுக் கிடக்கிறாரா, நிஜமாகவே உடம்பு சரியில்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (தண்டையார்பேட்டை)

பதில்: கண்டுபிடிக்கவே முயலாதீர்கள் அண்ணே, டாக்டர்களுக்கே பரிசோதிக்காமல் தெரியாது. சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு சாப்பிடாமல் குடித்தால் சர்க்கரை தாறுமாறாக இறங்கும். வியர்த்து, குழறி, தள்ளாடுவார், பார்ப்பவருக்கு முழுபோதை மாதிரியே இருக்கும். பக்கவாதமும் அப்படித்தான். வாய் ஒரு பக்கம் கோணி, ஒரு கையைத் தூக்க முடியாமல் இருந்தால் ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி போட நாலரை மணி நேரம்தான் அவகாசம், அதுவும் ஸ்கேன் எடுத்த பிறகு. குடிகாரர் என்று நாம் ஒதுங்கிப் போகிற நேரமும் அதில் கழியும்.

தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். பதில் இல்லை என்றால் 108. மூச்சு நன்றாக வந்தால், கழுத்தில் அடி தெரியாவிட்டால், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாந்தி தொண்டையில் போகாது. வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மோரும் எலுமிச்சையும் வேண்டவே வேண்டாம். ஒரு கால் குட்டையாகத் தெரிந்து பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பு முறிந்திருக்கும். அவரை அக்குளில் கை கொடுத்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கி உட்கார வைக்காதீர்கள். நல்ல மனசோடு செய்வதுதான், ஆனால் வலியில் துடித்துவிடுவார், ஸ்ட்ரெச்சர் வரட்டும்.

கேள்வி: வயது 74. ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றேன். மனைவி காலமாகிவிட்டார். சனிக்கிழமை சாயங்காலம் பழைய ஷாப் நண்பர்கள் நாலு பேர் மொட்டை மாடியில் கூடுவோம், ஆளுக்கு ஒரு கட்டிங். அது ஒன்றுதான் எனக்கு இருக்கிற சந்தோஷம். விழாமல் இருக்க எவ்வளவு வரை குடிக்கலாம்? சுற்றி வளைக்காமல் சொல்லவும். இன்னொன்று, வலது முட்டி வலிக்கிறது, கைத்தடி பிடிக்கச் சொல்கிறார்கள், பிடித்தால் கிழவன் என்பார்களே? (பெரம்பூர்)

பதில்: சுற்றி வளைக்கவில்லை ஐயா. இவ்வளவு வரை ஆபத்தில்லை என்று ஓர் அளவு கிடையாது. உலக சுகாதார நிறுவனமே 2023 ஜனவரியில் அப்படித்தான் சொன்னது. நான் ஒரு எண்ணைச் சொன்னால் அதை நீங்கள் நண்பர்களிடம் காட்டி, "பிசியோம்மாவே சொல்லிட்டாங்க" என்பீர்கள்.

ஆனால் அந்தச் சனிக்கிழமையை விடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தனியாக இருக்கிற ஆண்கள் வீட்டுக்குள்ளேயே முடங்கி, நடையே குறைந்து, அதனாலேயே விழுவதையும் பார்க்கிறேன். கூடுங்கள், மாடியை மட்டும் விட்டுவிடுங்கள். பெரம்பூர் வீடுகளின் மாடிப்படி எனக்குத் தெரியும்: ஒடுக்கமாக, ஒரு பக்கம் கைப்பிடியே இல்லாமல், கடைசிப் படி மட்டும் மற்றவற்றைவிட உயரமாக இருக்கும். ஏறும்போது நிதானம், இறங்கும்போது இருட்டு. கீழே வாசலில் நாற்காலி போடுங்கள். முதலில் சாப்பாடு, அப்புறம் மற்றது. தூக்க மாத்திரை போடுகிறவர் என்றால் குடி கூடவே கூடாது; இரண்டும் சேர்ந்தால் விழுவது மட்டுமல்ல, மூச்சே மந்தமாகும். சர்க்கரை, பிரஷர் மாத்திரை இருந்தால் சனிக்கிழமையைப் பற்றி உங்கள் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். நாலு பேரில் முறைவைத்து ஒருவர் அன்றைக்கு மோர் குடிக்கட்டும், அவர்தான் மற்றவர்களை வீடு வரை கொண்டுவிடுவார்.

மற்ற நாள்களில் கால் பயிற்சி. சமநிலைக்கும் பலத்துக்கும் ஒழுங்காகப் பயிற்சி செய்கிற முதியவர்கள் விழுவது ஏறக்குறைய கால்வாசி குறைகிறது என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன. மாத்திரை, டானிக் எதுவும் அதைச் செய்யாது. சுவரை ஒட்டிப் போட்ட நாற்காலியில் கையை ஊன்றாமல் எழுந்து உட்காருங்கள், பத்து தடவை. அப்புறம் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நில்லுங்கள். சுவர் ஓரமாக, ஒரு பாதத்தின் விரலுக்கு முன்னால் அடுத்த குதிகாலை வைத்து நடந்து பாருங்கள். முரசொலி மாறன் பூங்காவில் காலையில் நடக்கிற கூட்டம் இருக்கிறது, அவர்களோடு சேர்ந்துவிட்டால் சனிக்கிழமை தவிரவும் பேச ஆள் கிடைக்கும்.

கைத்தடி பிடித்தால் கிழவன் என்பார்கள்தான். சொல்லிவிட்டுப் போகட்டும். வலது முட்டி வலி என்றால் தடி இடது கையில் இருக்க வேண்டும், வலது காலோடு சேர்த்து முன்னே வைக்க வேண்டும். செருப்புப் போட்டு நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் தடியின் பிடி மணிக்கட்டு மடிப்பு உயரத்துக்கு வர வேண்டும். அடியில் இருக்கிற ரப்பர் தேய்ந்து வழவழப்பாகிவிட்டால் தடியே வழுக்கும். சர்ஜிக்கல் கடையில் ரப்பர் மட்டும் தனியாகக் கிடைக்கும், வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள்.